வாலடியில் செங்காவி: யாழ்ப்பாணத்தில் ஆறு நாள்

முதலாம் நாள், கோப்பாய்

யாழ்தேவி யாழ்ப்பாணத்தில் இறக்கிவிட்டபோது மத்தியானம் தாண்டிவிட்டது. சித்திரை வெயில். ஓட்டோ பிடித்துக் கோப்பாய்க்கு வந்து பெரியம்மா வீட்டுப் படலையைத் திறந்ததும் முதலில் கண்ணில் பட்டவை, கிணற்றடி வாழையின் கீழ் நின்ற இரண்டு குண்டுக்கரிச்சான்கள். கால் முகம் கழுவவில்லை, அப்படியே நின்று பையிலிருந்து பைனாகுலரை எடுத்துவிட்டேன்.

இந்தப் பயணத்துக்குக் காரணம் ஒரு கேள்வி. லண்டனில் இருக்கும் அக்காவின் மகளுக்கு ஒன்பது வயது. போன மாதம் வீடியோவில் கூப்பிட்டு, "சித்தி, எங்கடை வளவுக்கு ஒரு ரொபின் வருது. அது அம்மாவோ அப்பாவோ எண்டு எப்பிடிக் கண்டுபிடிக்கிறது?" என்று கேட்டாள். உள்ளதைச் சொன்னேன். அங்குள்ள ரொபினில் ஆணுக்கும் பெண்ணுக்கும் அதே செம்மஞ்சள் நெஞ்சு, அதே மண்ணிற முதுகு. பார்த்துச் சொல்ல முடியாது. பாட்டை வைத்தாவது சொல்லலாமா என்றால், குளிர்காலத்தில் பெண்ணும் தனக்கென்று ஓர் இடத்தைப் பிடித்துக்கொண்டு பாடும். பிள்ளையின் முகம் வாடிவிட்டது. "அப்ப உங்கடை ஊர் ரொபின்?" என்றாள். எங்கள் ஊரில் பார்த்த உடனேயே சொல்லிவிடலாம் என்றேன். பார்ப்பதையெல்லாம் ஒவ்வொரு நாளும் எழுதி அனுப்புவதாக வாக்கும் கொடுத்தேன். அவளுக்காக எழுதத் தொடங்கியது, இப்போது எல்லோருக்குமாக இங்கே வருகிறது.

யாழ்ப்பாணத்தில் ரொபின் என்று சொல்லத்தக்கவை இரண்டு. ஒன்று குண்டுக்கரிச்சான். வீட்டு வளவுகளில் திரியும், நல்ல பாட்டுக்காரன், கறுப்பு மேலுடம்பும் வெள்ளை வயிறும், சிறகில் நீளமான வெள்ளைப் பட்டையும் இருக்கும். பங்களாதேஷின் தேசியப் பறவை இதுதான். மற்றது கருஞ்சிட்டு. சற்றுச் சிறியது, வயிற்றில் வெள்ளை கிடையாது, எந்நேரமும் வாலைத் தூக்கிக்கொண்டு நிற்கும். கல்லும் முள்ளும் கிடக்கும் வெளியான இடங்கள்தான் அதற்குப் பிடித்தவை. லண்டன் ரொபினும் இவை இரண்டும் ஈப்பிடிப்பான் குடும்பத்தைச் சேர்ந்தவை. ஒன்றுவிட்ட சகோதரங்கள் என்று பிள்ளைக்குச் சொல்லிவைத்திருக்கிறேன்.

பெரியம்மாவுக்கு இந்தப் பிரிவினை எதுவும் இல்லை. "உதுகள் எல்லாம் கரிக்குருவிதானே பிள்ளை. சொக்கநாதர் மந்திரம் சொல்லிக் குடுத்தவர், தெரியாதே?" என்றார். காகங்கள் கொத்திக் கொத்தித் துரத்திய ஒரு சின்னக் குருவி மதுரைக் குளத்தில் முழுகிச் சிவனிடம் உபதேசம் பெற்று வலியனாகிய கதையை நான் இந்த விறாந்தையில்தான் கேட்டு வளர்ந்தேன். காகத்தையும் பருந்தையும் துரத்தும் அந்த வலியன் இரட்டைவால் குருவி. அதை இன்றைக்கு நான் சொல்லப் போகவில்லை. பெரியம்மா புட்டும் மாம்பழமும் எடுத்து வைத்திருந்தார்.

குறிப்புப் புத்தகத்தில் இன்றைய வரி: "கிணற்றடியில் குண்டுக்கரிச்சான், ஆண் இரண்டு." இரண்டும் தலையிலிருந்து நெஞ்சு வரை கறுப்பு. பெண் சாம்பல் நிறமாக இருக்கும் என்றுதான் புத்தகம் சொல்கிறது.

இரண்டாம் நாள், கோப்பாய்

விடிய ஐந்தரைக்கு "டிக், டிக்" என்று சத்தம். யாரோ கதவைத் தட்டுவதாக நினைத்து வெளியே வந்தால், பெரியப்பாவின் மோட்டார் சைக்கிளில் ஒரு கருஞ்சிட்டு. ஹாண்டிலில் இருந்துகொண்டு பக்கக் கண்ணாடியைக் கொத்துகிறது. பறந்து எழும்பிக் காலால் உதைக்கிறது. கண்ணாடிக்குப் பின்னால் போய்த் தேடிப் பார்க்கிறது, அங்கே யாரும் இல்லை, திரும்பி வந்து மறுபடி கொத்துகிறது. இனப்பெருக்கக் காலத்தில் ஆண் கருஞ்சிட்டுக்குத் தன் எல்லைக்குள் இன்னோர் ஆணைக் கண்டால் பொறுக்காது. கண்ணாடியில் தெரியும் தன்னையே எதிரி என்று நினைத்துவிடும்.

விறாந்தைத் தூணோடு ஒட்டி நின்று கால் மணித்தியாலம் பார்த்தேன். நாலு முழ தூரம்கூட இருக்காது. சூரியன் பூவரசுக்கு மேல் வந்ததும் அந்தக் கறுப்பு கறுப்பாக இல்லை. முதுகில் நீலம் ஓடியது, எண்ணெய் தடவிய இரும்பு போல. சிறகை மடித்து இருக்கும்போது தோளில் வெள்ளை ஒரு நூலளவுதான் தெரிந்தது. கண்ணாடிமேல் பாயும்போது மட்டும் அது பளிச்சென்று விரிந்தது. வாலை முதுகுவரை நிமிர்த்தியபோது வாலடியில் செங்காவி நிறம். கோயில் மதிலில் வெள்ளைக்குப் பக்கத்தில் பூசுவார்களே, அதே காவி.

பெண் மதிலில் இருந்தது. இதை எழுதும்போதுதான் ஒன்று உறைக்கிறது: அது எவ்வளவு நேரமாக அங்கே இருந்தது என்று எனக்குத் தெரியாது. ஆணையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டேன்.

அதன் நிறத்தைச் சொல்வதானால், குசினியில் புகை பிடித்த மண்சட்டியின் அடிப்பக்கம். கறுப்பும் இல்லை, மண்ணிறமும் இல்லை. தோளில் வெள்ளை அறவே இல்லை. வயிற்றுப் பக்கம் சாம்பல் கலந்த மண்ணிறம். வாலடியில் அதற்கும் செங்காவி உண்டு, ஆணினதைவிட வெளிறியது. வால் மட்டும் ஆணைப் போலவே நிமிர்ந்து நிற்கும். இந்த வாலையும் காவியையும் பார்த்துவிட்டால் அது கருஞ்சிட்டுக் குடும்பம் என்பதில் சந்தேகம் வராது. ஆணா பெண்ணா என்பதற்குத் தோளைப் பார்க்க வேண்டும், அதுவும் பறக்கிற நேரத்தில். இளம் குஞ்சு பெண்ணைப் போலவேதான் இருக்கும், தொண்டையில் மட்டும் புள்ளி புள்ளியாகத் தெரியும். ஆகவே மண்ணிறமாக எதைக் கண்டாலும் பெண் என்று எழுதிவிடக் கூடாது.

இன்னுமொரு வழுக்கல் இருக்கிறது. வட இந்தியாவில் ஆண் கருஞ்சிட்டின் முதுகே மண்ணிறம். தென்னிந்தியாவிலும் இலங்கையிலும்தான் முழுக் கறுப்பு. அங்கே எடுத்த படத்தை வைத்துக்கொண்டு இங்கே தேடினால் ஆண் எது பெண் எது என்று தலை சுற்றிவிடும். முதன்முதலில் இதை விபரித்தவருக்கே ஊர் மாறிவிட்டது. 1760இல் பிரான்சைச் சேர்ந்த பிரிசோன், தன் கையில் கிடைத்த குருவி பிலிப்பைன்ஸிலிருந்து வந்தது என்று நினைத்து எழுதினார். 1766இல் லின்னேயஸ் அதற்கு விஞ்ஞானப் பெயர் வைத்தார். அந்தக் குருவியின் ஊர் புதுச்சேரி என்று திருத்தியது எவ்வளவோ காலத்துக்குப் பிறகு. பாக்கு நீரிணைக்கு அந்தப் பக்கம் பிடிபட்ட எங்கள் குருவி, பசிபிக் தீவுக்காரனாகப் புத்தகத்தில் கிடந்திருக்கிறது.

"கருஞ்சிட்டு" என்ற பெயரில் எனக்கு ஒரு மனக்குறை. அது ஆணின் பெயர். மதிலில் இருந்த அந்தப் புகைநிறக்காரிக்குப் பொருந்தவே இல்லை.

பெரியம்மா ஒரு பழைய சாரத்துண்டைக் கொண்டுவந்து கண்ணாடியை மூடிக் கட்டினார். "பாவம், சொண்டு உடையப் போகுது." ஆண் மதிலுக்குப் போய்ப் பெண்ணுக்குப் பக்கத்தில் இருந்தது. ஐந்து நிமிடத்தில் இரண்டும் தோட்டத்துப் பக்கம் பறந்துவிட்டன.

மூன்றாம் நாள், கோப்பாய்

முதலாம் நாள் எழுதியதைத் திருத்த வேண்டும். கிணற்றடியில் நின்றவை இரண்டு ஆண்கள் இல்லை. ஆணும் பெண்ணும்.

காலை தேத்தண்ணியோடு கிணற்றுக் கட்டில் இருந்தபோது மாமரத்தின் உச்சியில் ஒன்று பாடத் தொடங்கியது. மற்றது கீழே சருகைக் கிளறிக்கொண்டிருந்தது. இரண்டையும் மாறி மாறிப் பார்த்தேன், வேறுபாடு பிடிபடவில்லை. அப்புறம் கீழே நின்றது ஒரு மெல்லிய வேரை எடுத்தது. அதைக் கீழே வைத்தது, இன்னொன்றோடு சேர்த்து எடுத்தது, மாமரத்தில் கிளை முறிந்த இடத்திலுள்ள பொந்துக்குள் போய்விட்டது. வெளியே வந்தபோது சொண்டு வெறுமை. இப்படி எட்டுத் தரம். மேலே பாடிக்கொண்டிருந்தது ஒரு தரமும் இறங்கி வரவில்லை. குண்டுக்கரிச்சானில் கூடு கட்டும் வேலையில் பெரும்பங்கு பெண்ணுடையது, அடைகாப்பதும் பெண் மட்டும்தான். நான் இரண்டாவது ஆண் என்று எழுதிவைத்தது கூடு கட்டிக்கொண்டிருந்தது.

மனசு கேட்கவில்லை. எடுத்த படங்களையெல்லாம் போட்டுப் பார்த்தேன், புத்தகத்தையும் திரும்பப் படித்தேன். பெண் குண்டுக்கரிச்சான் சாம்பல் நிறம் என்பது இந்தியாவின் பெரும்பகுதிக்குச் சரி. இலங்கையில் இருப்பது தனிக் கிளையினம். இங்கே பெண் ஆணைப் போலவே இருண்டிருக்கும். தமிழ்நாட்டின் தென்பகுதியிலும் பெண்கள் இப்படித்தான். "பார்த்த உடனேயே சொல்லிவிடலாம்" என்று பிள்ளையிடம் சொன்னேனே, அந்த வார்த்தை எனக்குத் தொண்டையில் நிற்கிறது. கருஞ்சிட்டுக்கு அது சரி. குண்டுக்கரிச்சானுக்கு இல்லை.

ஆனால் வேறுபாடு இல்லாமல் இல்லை. நிழலில் தேடினால் கிடைக்காது. பத்து மணி வெயிலில் இரண்டும் கிணற்றுக் கட்டுக்கு வந்தபோதுதான் கண்டேன். ஆணின் தலையில் வெயில் வழுக்கி ஓடியது, நீலமாக மினுங்கியது. பெண்ணின் தலை வெயிலைக் குடித்துவிட்டது. மழைத்தண்ணி பட்டுக் காய்ந்த சிலேட்டு போல, கறுப்புக்கு ஒரு படி கீழே, மினுக்கம் இல்லாமல். நெஞ்சுக் கறுப்பு முடிந்து வயிற்று வெள்ளை தொடங்கும் இடம் ஆணில் கத்தியால் வெட்டியது போல் நேராக இருந்தது. பெண்ணில் அந்த எல்லை சற்றுக் கலங்கியிருந்தது. இந்த மூன்றையும் வெயிலில், இரண்டும் பக்கத்தில் பக்கத்தில் நிற்கும்போது பார்க்க வேண்டும். தனியாக ஒன்று பலா நிழலில் நின்றால் நான் இப்போதும் பெயர் சொல்லமாட்டேன், அது என்ன செய்கிறது என்று பார்த்துக் காத்திருப்பேன்.

இந்தக் குருவியின் விஞ்ஞானப் பெயரின் பின்பாதி சவுலாரிஸ். சென்னையில் இருந்த எட்வர்ட் பல்க்லி என்ற வைத்தியர், லண்டனில் இருந்த இயற்கை ஆய்வாளர் ஜேம்ஸ் பெட்டிவருக்கு ஓர் ஆண் குருவியை 'சவுலாரி' என்ற பெயரோடு அனுப்பினார். நூறு பாட்டு என்று அதற்கு அர்த்தம் சொல்கிறார்கள். அனுப்பப்பட்டதும் ஆண், பெயரும் ஆணின் பாட்டுக்கு. பொந்துக்கு எட்டுத் தரம் வேர் சுமந்தவளைப் பற்றி அதில் ஒன்றும் இல்லை.

பெரியம்மாவுக்குக் கதையைச் சொன்னேன். மாமரத்தை அண்ணாந்து பார்த்துவிட்டு, "அப்ப வேலை செய்யிறது பொம்பிளை, பாடுறது ஆம்பிளை" என்றார். முழுக்க அப்படி இல்லை, குஞ்சு பொரித்தால் ஆணும் தீன் கொண்டுவரும், எல்லையைக் காப்பதும் அதன் வேலை என்றேன். பெரியம்மா தலையாட்டினார்.

நாலாம் நாள், நெடுந்தீவு

விடிய முதல் பஸ்ஸில் வேலணை, புங்குடுதீவு வழியாகக் குறிகட்டுவானுக்கு. இரண்டு பக்கமும் கடல், நடுவில் தாம்போதி, தண்ணீரில் கொக்கும் நாரையும். குறிகட்டுவானில் படகு ஏறி ஏறத்தாழ ஒரு மணித்தியாலம். என்னோடு வந்தவர்கள் அரிசி மூட்டை, வாழைக்குலை, ஒரு புது மின்விசிறியோடு தீவுக்குத் திரும்புகிறவர்கள்.

நெடுந்தீவைக் கருஞ்சிட்டுக்காகவே யாரோ கட்டிவைத்தது போல் இருக்கிறது. காணி எல்லையெல்லாம் பவளக்கல் மதில். சீமெந்து இல்லை, சாந்து இல்லை, கல்லின்மேல் கல்லாக அடுக்கியிருக்கிறார்கள். ஒவ்வொரு கல்லிலும் பூவும் மூளை மடிப்பும் போலக் கோலங்கள், கல்லுக்குக் கல் இடைவெளி. கருஞ்சிட்டு கூடு வைப்பது கல் இடுக்கிலும் சுவர்ப் பொந்திலும்தான்.

தீவின் பெருக்குமரத்தை (பாவோபாப்) பார்த்துவிட்டுத் தெற்குப் பக்க வெளிக்கு ஓட்டோவில் போனேன். ஓட்டோக்காரத் தம்பி, "அக்கா, எல்லாரும் குதிரை பாக்கத்தான் வாறவை. நீங்கள் மதிலைப் பாக்கிறியள்" என்றார். குதிரைகளும் நின்றன. போர்த்துக்கேயர், ஒல்லாந்தர் காலத்தில் வந்தவற்றின் வழித்தோன்றல்கள், வெளியில் தானாகத் திரிபவை. வெயிலில் எலும்பு தெரிய நின்றன. தண்ணீர் இல்லாத காலம் அவற்றுக்குக் கஷ்டம்தான், பார்க்க மனம் பொறுக்கவில்லை.

மதிலோரம் ஒரு கிளுவையின் நிழலில் இருந்துகொண்டேன். பதினைந்து பாகம் தள்ளி ஒரு பெண் கருஞ்சிட்டு. பவளக்கல்லின் சாம்பலுக்கும் அதன் நிறத்துக்கும் பெரிய பேதம் இல்லை, அசையாமல் நின்றால் கல்லாகிவிடுகிறது. ஆண் எதிர் மதிலில், அரைக் கட்டை தூரத்திலும் தெரியும் கறுப்பு. கூட்டில் இருக்கப் போகிறவளுக்கு இந்த நிறம் எவ்வளவு காவல் என்று அந்த மதிலைப் பார்த்தபோதுதான் விளங்கியது.

பெண் தரைக்கு இறங்கிக் குதிரைகள் நின்ற இடத்துக்கு ஓடியது. ஓடும், நிற்கும், வாலைத் தூக்கும், மறுபடி ஓடும். ஒரு முள்ளுப் பற்றையில் சிக்கிக் கிடந்த நீளமான மயிரைப் பிடித்து இழுத்தது. குதிரையின் வால்மயிர். வரவில்லை. காலை ஊன்றிப் பின்னால் சாய்ந்து இழுத்தது. மயிர் விடுபட்டபோது சொண்டின் இரண்டு பக்கமும் முழ நீளத்துக்குத் தொங்கியது. அதை இழுத்துக்கொண்டு மதிலுக்குப் பறந்து ஒரு பொந்துக்குள் போய்விட்டது, மயிரின் நுனி மட்டும் கொஞ்ச நேரம் வெளியே காற்றில் ஆடி, பிறகு உள்ளே போனது.

கருஞ்சிட்டு கூட்டுக்குள் விலங்கு மயிர் விரிக்கும், பாம்புச்சட்டைத் துண்டும் வைக்கும் என்று படித்திருக்கிறேன். குதிரைமயிர் விரித்த கூடு கிடைக்க இலங்கையில் இதைவிட நல்ல இடம் இருக்காது. கிட்டப் போய்ப் பார்க்கவில்லை. பொந்தின் வாயைக் கமராவால்கூட எடுக்கவில்லை. தம்பி போய்ப் பார்ப்போமா என்று கேட்டார். வேண்டாம், நாங்கள் போன தடத்தில் காகம் வரும் என்றேன். அவருக்கு அது உடனே விளங்கிவிட்டது. ஓட்டோவைத் தள்ளிக்கொண்டு தெரு வரை போய்த்தான் ஸ்டார்ட் பண்ணினார்.

ஐந்தாம் நாள், யாழ்ப்பாணக் கோட்டை

பின்னேரம் கோட்டைக்குப் போனேன். போர்த்துக்கேயர் தொடங்கி ஒல்லாந்தர் பெருப்பித்துக் கட்டியது. அதன் இடிந்த உட்புறத்தில் கருஞ்சிட்டுகள் இருக்கும் என்று தெரியும், இருந்தன.

ஆனால் இன்று எழுத வேண்டியது வேறு. கமராவோடு வந்த ஒருவர், போனில் ஆண் கருஞ்சிட்டின் பாட்டைச் சத்தமாகப் போட்டுப் போட்டுப் படம் எடுத்துக்கொண்டிருந்தார். ஆண் பறந்து பறந்து வந்து இல்லாத எதிரியைத் தேடியது. அந்த நேரம் முழுக்க அது இரை தேடவில்லை. பெண் ஒரு புழுவைச் சொண்டில் வைத்தபடி கல்லுக்குக் கல் தாவி, கூட்டுக்குள் போகாமல் அல்லாடியது. குஞ்சுகள் உள்ளே பசியோடு இருந்திருக்க வேண்டும். போய்ச் சொன்னேன். முதலில் முகம் கொடுக்கவில்லை. அந்தப் புழுவைக் காட்டினேன். போனை நிறுத்தினார். ஐந்து நிமிடத்தில் பெண் சுவர் இடுக்குக்குள் போய் வெறும் சொண்டோடு வெளியே வந்தது.

தயவுசெய்து கூட்டுக் காலத்தில் பாட்டுப் போட வேண்டாம். ஆணா பெண்ணா என்று அறிய அரை மணித்தியாலம் சும்மா இருந்தால் போதும்.

ஆறாம் நாள், கோப்பாயிலிருந்து புறப்பாடு

இரவு ரயில். பின்னேரம் ஐந்து மணிக்கு லண்டனுக்கு வீடியோ போட்டேன். அங்கே மத்தியானம், பள்ளிக்கூட விடுமுறை. போனை மாமரப் பக்கம் திருப்பிப் பிடித்தேன்.

"வடிவாப் பார். உதிலை இருக்கிறது அம்மாவோ அப்பாவோ?"

திரையில் நிறம் என்ன தெரியப் போகிறது. பொந்துக்குப் பக்கத்துக் கிளையில் ஒரு குண்டுக்கரிச்சான். பிள்ளை மூச்சு விடாமல் பார்த்தாள். மேல்கிளைக்கு இன்னொன்று வந்து இருந்ததும், கீழே இருந்தது சின்னதாக ஒரு பாட்டுப் பாடியது. "அப்பா! பாடுது, அப்பா!" என்று கத்தினாள். அடுத்த கணம் அந்தப் பாடியதே பொந்துக்குள் நுழைந்தது. ஐந்து நிமிடம் பார்த்தோம். வெளியே வரவில்லை.

"சித்தி, அம்மாவும் பாடுவாவோ?"

ஆண் பக்கத்தில் இருக்கும்போது பெண்ணும் கொஞ்சம் பாடும் என்று சொன்னேன். நெடுக அல்ல, சின்னதாக. நான் படித்திருந்தேன், கேட்டது இன்றைக்குத்தான். பிள்ளை கொப்பியில் எழுதுகிறேன், மெல்லச் சொல்லுங்கோ என்றாள். வெயிலில் பார், மினுக்கத்தைப் பார், நெஞ்சு எல்லையைப் பார், யார் வேர் சுமக்கிறார் என்று பார், பாட்டை மட்டும் நம்பாதே என்று ஒவ்வொன்றாகச் சொன்னேன். கருஞ்சிட்டுக்குத் தனிப் பக்கம். எழுதி முடித்துவிட்டு, தங்கள் வளவு ரொபினும் கூடு கட்டும்போது பார்க்கப் போகிறேன் என்றாள். அங்கேயும் கூடு கட்டுவதும் அடைகாப்பதும் பெண்தான், அதை வைத்துக் கண்டுபிடிக்கலாம் என்றேன். போன மாதம் இது என் நினைவுக்கு வரவில்லை.

ஓட்டோ வந்துவிட்டது. பெரியம்மா ஒடியல் மாவும் பனங்கட்டியும் கட்டித் தந்தார். மோட்டார் சைக்கிள் கண்ணாடியில் சாரத்துண்டு கட்டியபடியே இருந்தது. பெரியப்பா கடைக்குப் போகும்போது அவிழ்ப்பார், வந்ததும் பெரியம்மா கட்டிவிடுவார். படலையடி வரை வந்து, மாமரத்தைத் திரும்பிப் பார்த்துவிட்டுச் சொன்னார்:

"கறுப்பி இன்னும் உள்ளுக்கைதான் இருக்கிறாள் பிள்ளை. முட்டை வைச்சிட்டாள் போலை. பூனை வராமல் நான் பாக்கிறன், நீ ஆறுதலாப் போட்டு வா."